விருந்தினரை எங்கே அழைத்துச் செல்வது?

கோடை விடுமுறை தொடங்கியதும் மும்பைத் தமிழர் வீடுகளில் விரிக்கும் பாய்களின் எண்ணிக்கை கூடிவிடுகிறது. திருநெல்வேலியிலிருந்து சித்தப்பா குடும்பம், தஞ்சையிலிருந்து அத்தையும் மக்களும், படிப்பை முடித்து வேலை தேடி வரும் அக்காள் மகன் என ஒருவர் பின் ஒருவராக வருகின்றனர். பத்தடி அறையாயினும் வருவோரை வேண்டா என்னும் வழக்கம் நம்மிடம் இல்லை. குளித்து உண்டு முடித்ததும் அவர்கள் கேட்பது, ‘எப்பொழுது ஊர் சுற்றப் போகிறோம்?’ என்பதே.

நாமும் சுற்றிக் காட்டுகிறோம். கேட்வே ஆஃப் இந்தியா, மெரின் டிரைவ், எலிபெண்டா, ஏதேனும் ஒரு நடிகரின் மாளிகை வாசல். இரண்டு நாள்கள் தீர்ந்துவிடும். இவற்றைக் குறை கூறுதல் நம் நோக்கம் அன்று. 1924இல் திறக்கப்பெற்ற அக் கடல்வாயில் வழியாகத்தான் 1948 பிப்ரவரி 28ஆம் நாள் ஆங்கிலப் படையின் கடைசிப் பிரிவு வெளியேறியது என்பதை அங்கேயே நின்று ஒரு சிறுவனுக்குச் சொல்வது இன்பந்தான். ஆயினும் விருந்தினர் ஊர் திரும்பிய பின், ‘நம்மவர் அங்கே எப்படி வாழ்கின்றனர்?’ என்று கேட்போர்க்கு என்ன விடை சொல்வார்? கடல் பெரிது என்றா?

வி.டி. நிலையத்திலிருந்து தொடங்கலாம். 1996இல் அதற்குச் சத்ரபதி சிவாஜியின் பெயர் சூட்டப்பட்ட பின்னும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அது வி.டி.தான். அக் கட்டடத்தின் கோபுர அழகைக் காட்டுவதோடு, 1871இல் பம்பாயிலிருந்து வந்த இருப்புப்பாதையும் சென்னையிலிருந்து வந்த இருப்புப்பாதையும் ராய்ச்சூரில் இணைந்ததையும் சொல்லுதல் வேண்டும். நம் முன்னோர் வந்த வழி அது.

அடுத்து மாட்டுங்கா. 1896ஆம் ஆண்டுப் பிளேக் நோய்க்குப் பின் நகரை விரிவுபடுத்த எண்ணிய ஆங்கில அரசு வகுத்த அகன்ற தெருக்கள் அவை. எழுத்தர் வேலைக்கு வந்த தென்னிந்தியர் அங்கே குடியேறி, 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தோற்றுவித்தனர். பூக்கடையும் வாழையிலையும் காய்ச்சிய நெய் மணமும் விருந்தினர்க்கு ஊர் நினைவைத் தரும். இலைச் சாப்பாடு போட்டு நம்மைக் காத்தவர் பெரும்பாலும் உடுப்பிக்காரர் என்பதையும் மறைக்க வேண்டா! 1963இல் திறக்கப்பெற்ற சண்முகானந்தா அரங்கு 1990இல் தீக்கு இரையாகி, 1998இல் மீண்டும் எழுந்தது. 1960களின் பிற்பகுதியில் தென்னிந்தியர்க்கு எதிராக நடந்த கிளர்ச்சியை மூத்தோர் இன்னும் மறந்திலர். செம்பூரில், சேடா நகர் முருகனைக் காண 108 படிகள் ஏற வேண்டும். முழங்கால் நோவுடைய அத்தைமார்க்கு முன்னரே சொல்லிவிடுக.

இவையெல்லாம் எளிதில் காட்டக்கூடியவை. கடினமானது தாராவி.

மாட்டுங்காவிலிருந்து இருப்புப்பாதையைக் கடந்தால் தாராவி. அவ்வளவு அருகில் இருந்தும், நாற்பது ஆண்டுகள் மாட்டுங்காவில் வாழ்ந்து ஒரு முறையேனும் அங்கே காலடி வைக்காத தமிழர் உளர். தாராவியிற் பிறந்த இளைஞரோ, எங்கே குடியிருக்கிறீர் என்று கேட்டால் சயான் என்கின்றனர். முன்னவர் அஞ்சுகின்றனர், பின்னவர் நாணுகின்றனர். ஊரில் அக்கிரகாரத்துக்கும் சேரிக்கும் இடையே இருந்த தொலைவை ரயிலேறி வந்தும் நாம் கைவிடவில்லை என்றே சொல்லத் தோன்றுகிறது. வெளிநாட்டார் பணம் கொடுத்து வழிகாட்டியுடன் வந்து பார்க்கும் இடத்தை நம்மவர் பார்க்க மறுப்பது விந்தையே.

1909ஆம் ஆண்டு அரசிதழ்த் தொகுப்பு, கோலி மீனவரின் பெரிய குடியிருப்புகள் ஆறில் ஒன்றாகத் தாராவியைக் குறிக்கிறது. அச் சதுப்பு நிலத்தில் தோல் பதனிடும் தொழில் செய்ய நெல்லைச் சீமையிலிருந்து ஆதிதிராவிடரும் முஸ்லிம்களும் வந்தனர். பிறர் தொட மறுத்த தொழில் அது. இன்று பதனிடுதல் பெரிதும் நின்றுவிட்டது. தோற்பை தைக்கும் பட்டறைகள் இருக்கின்றன. விடியுமுன் அவித்த இட்லி அங்கிருந்தே மிதிவண்டியில் நகரெங்கும் செல்கிறது. சௌராஷ்டிரத்துக் குயவரின் கும்பார்வாடாவில் சூளை புகைகிறது. 2020 ஏப்ரலில் கொரோனா அங்கே நுழைந்தபோது நகரமே நடுங்கியது. அடுத்த ஜூலையில் அது கட்டுக்குள் வந்ததை உலகச் சுகாதார நிறுவனத் தலைவர் எடுத்துக்காட்டாகக் கூறினார்.

காலம் தாழ்த்துவதும் நன்றன்று. புனரமைப்புக்கான கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் தொடங்கியது. 2000 ஜனவரி 1க்கு முன் எழுந்த தரைத்தள வீட்டினர்க்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு, ஏனையோர்க்கு வேறிடம் என்பது திட்டம். மாடியறையிலிருக்கும் பெரியம்மா எங்கே போவார் என்பது பல குடும்பங்களின் கவலை.

ஆகவே இவ்விடுமுறையிலேயே செல்க. வேடிக்கை பார்ப்போராய் அன்று; தெரிந்தவர் ஒருவருக்குச் சொல்லியனுப்பி, கையில் பழம் வாங்கிக்கொண்டு, விருந்தாளியாகச் செல்க. புகைப்படக் கருவி பைக்குள்ளேயே இருக்கட்டும். வேலை தேடி வந்த அக்காள் மகன் அங்கே கூலி என்ன, வாடகை என்ன, முன்பணம் எவ்வளவு என்று கேட்கத் தொடங்குவான். வீட்டுக்காரர் விடை சொல்வார். நாம் குறுக்கே பேசாமல் தேநீர் அருந்திக்கொண்டிருக்கலாம்.