குடும்பத்தைப் பிரிக்காத வரிசை வேண்டும்

சென்னையிலும் திருச்சியிலும் வந்து இறங்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இன்று எல்லோர் கையிலும் ஒரே நாட்டு பாஸ்போர்ட் இருப்பதில்லை. அப்பா, அம்மா இந்தியக் குடிமக்கள். பிள்ளை அமெரிக்கக் குடிமகன். கணவர் மலேசியர், மனைவி புதுக்கோட்டைக்காரர். இமிகிரேஷன் கூடத்துக்குள் கால் வைத்ததும் இந்தியர், வெளிநாட்டினர், இ-விசா என்று பலகைகள் இவர்களைத் திசைக்கொருவராக அனுப்புகின்றன. தூக்கம் கலைந்து அழும் குழந்தை யாரோடு போவது, பால் புட்டி இருக்கும் பை யாரிடம் இருப்பது என்றெல்லாம் நள்ளிரவில் அங்கேயே நின்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. கனிவான அதிகாரி ஒருவர் இருந்தால், "எல்லோரும் இங்கேயே வாங்க" என்று கூப்பிட்டு முடித்துவிடுவார். அடுத்த முறை வேறொருவர் திருப்பி அனுப்புவார். ஒருவர் இந்தியக் குடிமகன் என்றால், அவருடைய கணவன் அல்லது மனைவியும் சிறு பிள்ளைகளும் அவரோடு இந்தியர் வரிசையிலேயே நிற்கலாம் என்பதை எழுதப்பட்ட விதியாக்க வேண்டும்.

இப்படிப்பட்ட குடும்பங்கள் உருவாவதற்குச் சட்டங்களே பெரிய காரணம். வேறொரு நாட்டின் குடியுரிமையை விரும்பிப் பெற்றால் இந்தியக் குடியுரிமை போய்விடும் என்கிறது 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு. மலேசியாவும் சிங்கப்பூரும்கூட இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளுக்கோ பிறப்பாலேயே அந்நாட்டுக் குடியுரிமை வந்து சேர்ந்திருக்கிறது. இந்தச் சிக்கலைக் கொஞ்சம் தளர்த்தத்தான் 2006-இல், வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினர் விசா இல்லாமல் வந்துபோக உதவும் ஓசிஐ அட்டை நடைமுறைக்கு வந்தது. ஆனால், இந்தியரை மணந்த வெளிநாட்டவருக்கு அந்த அட்டை உடனே கிடைத்துவிடாது. திருமணம் பதிவாகி இரண்டு ஆண்டுகள் நிறைந்த பிறகே விண்ணப்பிக்க முடியும். அதுவரை அவர் விசாவில் வந்து போகும் வெளிநாட்டவர்தான். மாமியார் வீட்டுக்கு வரும் புது மருமகளும் மருமகனும் தனி வரிசைக்குப் போவது இதனால்தான்.

யார் எந்த வரிசையில் நிற்பது என்பது நிர்வாகம் வகுக்கும் ஏற்பாடு. வேண்டும்போது மாற்றிக்கொள்ளக் கூடியது. பிரிட்டன் 2019 மே மாதம் தன் தானியங்கி வாயில்களை அமெரிக்கா, ஜப்பான், சிங்கப்பூர் உள்ளிட்ட ஏழு நாட்டவருக்குத் திறந்துவிட்டது. ஐரோப்பாவின் ஷெங்கன் எல்லை விதிகள் இன்னும் ஒருபடி மேலே போகின்றன. தன் நாட்டை விட்டு இன்னொரு உறுப்பு நாட்டுக்குச் செல்லும் ஐரோப்பியக் குடிமகனின் குடும்பத்தினர் எந்த நாட்டவராக இருந்தாலும், அவரோடு குடிமக்கள் வரிசையையே பயன்படுத்தலாம் என்று அங்கே எழுதியே வைத்திருக்கிறார்கள். நம் அரசும் இந்த வழியில் ஓரடி வைத்திருக்கிறது. 2024 ஜூனில் டெல்லியில் தொடங்கி, 2025-இல் சென்னைக்கும் திருச்சிக்கும் வந்த விரைவு இமிகிரேஷன் திட்டம் இந்தியரையும் ஓசிஐ அட்டைதாரரையும் ஒன்றாகவே சேர்த்துக்கொள்கிறது. குறை என்னவென்றால், அந்த வாயில் ஒவ்வொருவராகத்தான் உள்ளே விடும். அப்பா அரை நிமிடத்தில் கடந்து போய்விடுவார். இ-விசாவில் வந்த அம்மா அந்தப் பக்கமே போக முடியாது. வேகம் கூடக் கூட குடும்பத்துக்குள் இடைவெளியும் கூடத்தான் செய்யும்.

பாதுகாப்பு என்ன ஆவது என்று கேட்பார்கள். முறையான கேள்விதான். ஆனால் சோதனை நடக்கும் இடம் கவுன்ட்டர். விசாவைப் பார்ப்பது, கைரேகை எடுப்பது, புகைப்படம் எடுப்பது எல்லாம் எந்த வரிசையில் வந்தாலும் நடந்தே தீரும். குழந்தைகளைப் பொறுத்தவரை சேர்ந்து நிற்பதே கூடுதல் பாதுகாப்பு. அம்மாவோடு மட்டும் வரும் குழந்தையைப் பார்க்கும் அதிகாரிக்கு, அப்பா எங்கே, அவருக்குத் தெரியுமா என்ற கேள்விகள் எழ வேண்டும். குழந்தைக் கடத்தலைத் தடுக்க அது அவசியம். பெற்றோர் இருவரும் அதே கவுன்ட்டரில் நின்றால் அதற்கான பதில் கண்முன்னே இருக்கிறது. உறவைப் பொய்யாகச் சொல்லி யாராவது நுழைவார்களா என்ற அச்சத்துக்கும் வழி உண்டு. பல இந்திய பாஸ்போர்ட்டுகளின் கடைசிப் பக்கத்தில் தந்தை, தாய், வாழ்க்கைத் துணை ஆகியோரின் பெயர்கள் அச்சாகியிருக்கின்றன. துணையின் பெயர் இன்னும் சேர்க்கப்படாத பாஸ்போர்ட் என்றால் திருமணப் பதிவுச் சான்று போதும். பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ்.

வெளிநாட்டவருக்குக் கைரேகை எடுக்க நேரமாகும், பின்னால் நிற்கும் இந்தியர்கள் ஏன் காத்திருக்க வேண்டும் என்ற வாதத்திலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் எல்லாக் கவுன்ட்டரையும் திறந்துவிடச் சொல்லவில்லை. இந்தியர் பகுதியிலேயே ஓரத்தில் ஒன்றிரண்டு கவுன்ட்டர்களைக் கைரேகைக் கருவியோடு குடும்பங்களுக்கென ஒதுக்கலாம். கூட்டமில்லாத நேரத்தில் அவை மற்றவர்களுக்கும் பயன்படும். வேறு நாட்டுக் குடியுரிமையை ஏற்றவர்களுக்கு எதற்குச் சலுகை என்று சிலர் கேட்கக்கூடும். இந்த உரிமையைக் கேட்பவர் இந்தியக் குடிமகன். தன் நாட்டுக்குள் தன் மனைவியோடும் பிள்ளையோடும் சேர்ந்து நுழையவே அவர் கேட்கிறார். அந்தப் பிள்ளையோ எந்தக் குடியுரிமையையும் தானாகத் தேர்ந்தெடுக்கவில்லை.

இதற்கு நாடாளுமன்றம் கூடத் தேவையில்லை. உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கும் குடியேற்றத் துறையின் ஒரு சுற்றறிக்கையும், தமிழிலும் எழுதப்பட்ட ஒரு பலகையும் போதும். வளைகுடா, சிங்கப்பூர், மலேசியா, இலங்கை விமானங்கள் வந்து இறங்கும் திருச்சியில் முதலில் ஆறு மாதம் நடத்திப் பார்த்து, ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு நேரம் ஆனது, மற்றவர்கள் எவ்வளவு காத்திருந்தார்கள் என்ற கணக்கை வெளியிடட்டும்.