தீர்க்கதரிசிகளிடம் கணக்குக் கேட்போம்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நமது சங்க நூலகத்தில் நாளேடு படித்துக்கொண்டிருந்த தோழர்களைத் தேடி ஒரு தாய் வந்தார். நெல்லைச் சீமையிலிருந்து மணமாகி வந்து, முப்பதாண்டுகளுக்கு மேலாகத் தாராவியில் இட்லி வியாபாரம் செய்து பிள்ளைகளை வளர்த்தவர். ஊரிலிருந்து வந்திருந்த ஒரு பிரசங்கியார், மூன்று நாள் எழுப்புதல் கூட்டத்தின் கடைசி இரவில் அந்த அம்மாளின் தலையில் கைவைத்து, ஆறு மாதத்துக்குள் அவருடைய மகன் கடல் கடந்து வேலைக்குப் போவான் என்று சொல்லியிருக்கிறார். ஆனால் முதலில் அவர் "விதைக்க" வேண்டுமாம். விதைப்பதற்கு அவரிடம் இருந்ததோ ஒன்றே ஒன்று: மகளின் நர்சிங் படிப்புக்காகக் கட்டி எடுத்த சீட்டுப் பணம்.

"அவர் சொன்னதெல்லாம் நடந்திருக்காம் தம்பி. போன வருசம் வெள்ளம் வரும்னு சொன்னாவளாம், வந்துட்டு. பெரிய தலைவர் ஒருத்தர் கண்ண மூடுவாவன்னு சொன்னாவளாம், அதுவும் நடந்துட்டு. நீங்க நாலெழுத்துப் படிச்ச பிள்ளைய. குடுக்கவா, வேண்டாமா?"

இந்தக் கேள்வியைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போவது எளிது. நாம் சிரிக்கவில்லை. ஏனெனில் அந்தத் தாய் கேட்டது மிக நேர்மையான கேள்வி. சொன்னது நடந்ததா என்பது நம்பிக்கை பற்றிய வழக்கன்று, கணக்கு வழக்கு. கடவுள் உண்டா, இல்லையா என்ற விவாதத்தை இங்கே நாம் எடுக்கவில்லை. நமது சங்கத்தில் கோயிலுக்குப் போகிறவர்களும், தேவாலயத்துக்குப் போகிறவர்களும், பள்ளிவாசலுக்குப் போகிறவர்களும், எங்கும் போகாதவர்களும் ஒரே பாயில் அமர்ந்திருக்கிறோம். ஆனால் எதிர்காலத்தைச் சொல்கிறேன் என்று ஒருவர் சொல்லி, அதைக் காட்டி உழைப்பாளியின் பணத்தைக் கேட்கும்போது, கணக்குக் கேட்கும் உரிமை நம் எல்லோருக்கும் உண்டு.

அப்படிக் கணக்குப் பார்க்க வசதியாக, தேதி குறித்துச் சொன்ன பிரசங்கியார் ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். பெயர் ஹரால்டு கேம்பிங். 1921-இல் பிறந்தவர், கலிபோர்னியாவில் பொறியியல் பட்டம் பெற்றவர், கட்டிடத் தொழில் நடத்தியவர். 1958-இல் தொடங்கிய ஃபேமிலி ரேடியோ என்ற மதப் பிரசார வானொலியை நிறுவியவர்களில் ஒருவர். 1961 முதல் அரை நூற்றாண்டுக் காலம் அதே வானொலியில் நேயர்களின் வேதக் கேள்விகளுக்கு விடை சொல்லிவந்தார். ஊதியம் வாங்காத தொண்டராகவே பணியாற்றியவர் என்பதையும் நாம் மறைக்க விரும்பவில்லை.

1992-இல் அவர் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதன் பெயரே "1994?" என்பதுதான். 1994 செப்டம்பரில் கிறிஸ்து திரும்பி வருவார் என்பது அவருடைய கணக்கு. செப்டம்பர் வந்தது, போனது. ஒன்றும் நடக்கவில்லை. தலைப்பில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தது அப்போது அவருக்குக் கைகொடுத்தது.

அடுத்த முறை கேள்விக்குறியை எடுத்துவிட்டார். 2011 மே 21, சனிக்கிழமை, நியாயத்தீர்ப்பு நாள் என்றார். அதற்கு அவர் காட்டிய கணக்கைப் பாருங்கள். வேதத்தில் 5 என்றால் பரிகாரம், 10 என்றால் நிறைவு, 17 என்றால் பரலோகம் என்று அவரே பொருள் வைத்துக்கொண்டார். மூன்றையும் பெருக்கினால் 850. 850-ஐ 850-ஆல் பெருக்கினால் 7,22,500. இயேசு சிலுவையில் அறையப்பட்ட நாள் கி.பி. 33 ஏப்ரல் 1 என்று கொண்டு, அதிலிருந்து 7,22,500 நாட்களை எண்ணினால் 2011 மே 21 வருகிறது! பெருக்கலில் தவறில்லை, எந்தப் பள்ளி மாணவனும் சரிபார்க்கலாம். ஆனால் 17 என்றால் பரலோகம் என்று யார் சொன்னது? மூன்றையும் ஏன் கூட்டாமல் பெருக்க வேண்டும்? பெருக்கியதை ஏன் மறுபடி அதனாலேயே பெருக்க வேண்டும்? வேண்டிய விடையை முதலில் வைத்துக்கொண்டு வழியைப் பின்னால் போட்ட கணக்கு இது. நம் ஊர்ச் சோதிடர் எண் கூட்டிப் பெயர் மாற்றுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அந்த நாளில் ஒவ்வொரு நாட்டிலும் மாலை ஆறு மணிக்குப் பூகம்பம் வரும், ஏறத்தாழ 20 கோடிப் பேர் விண்ணுக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள், எஞ்சியவர்கள் ஐந்து மாதம் வதைபட்டு அக்டோபர் 21-இல் உலகத்தோடு அழிவார்கள் என்றார். அமெரிக்காவிலும் பல வெளிநாடுகளிலும் ஆயிரக்கணக்கில் விளம்பரப் பலகைகள் எழுந்தன. வேதமே உத்தரவாதம் தருகிறது என்று அவற்றில் முத்திரை வேறு! இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? நேயர்கள் அனுப்பிய காணிக்கைதான். 2009-ஆம் ஆண்டில் மட்டும் 1 கோடியே 80 லட்சம் டாலருக்கு மேல் வந்ததாக அந்நிறுவனத்தின் வருமானவரிக் கணக்கே சொன்னது. வேலையை விட்டவர்கள் இருந்தார்கள். வாழ்நாள் சேமிப்பை விளம்பரத்துக்குக் கொட்டிய ஓய்வுபெற்ற தொழிலாளியும் இருந்தார்.

அந்தச் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு இங்கே மும்பையில் மின்சார ரயில்கள் வழக்கம்போல் ஓடின. உலகில் வேறு எங்கும் அவர் சொன்னது நடக்கவில்லை.

இனிதான் நாம் கூர்ந்து கவனிக்க வேண்டிய இடம் வருகிறது. தோற்ற தீர்க்கதரிசி என்ன செய்கிறார்? இரண்டு நாள் கழித்து கேம்பிங் வானொலியில் பேசினார். மே 21 அன்று தீர்ப்பு வந்துவிட்டது, ஆனால் அது ஆவிக்குரிய தீர்ப்பு, கண்ணுக்குத் தெரியாது என்றார். கண்ணுக்குத் தெரியும் பூகம்பம் கண்ணுக்குத் தெரியாத தீர்ப்பாக மாறிவிட்டது! பணத்தைத் திருப்பித் தருவீர்களா என்று கேட்டபோது, முடிவு இன்னும் வரவில்லையே, ஏன் தர வேண்டும் என்ற பொருளில் பதில் சொன்னார். ஜூன் மாதம் அவரைப் பக்கவாதம் தாக்கியது. அக்டோபர் 21-உம் கடந்தது. 2012 மார்ச்சில் அவர் ஒரு கடிதம் வெளியிட்டார்: தேதி குறித்தது தவறு, பாவமான செயல், இனி எந்தத் தேதியும் குறிப்பதில்லை என்று. 2013 டிசம்பரில் 92 வயதில் மறைந்தார். அவருடைய நிறுவனம் தனது பெரிய வானொலி நிலையங்கள் சிலவற்றை விற்கும் நிலைக்கு வந்தது.

அந்தக் கடிதத்துக்காக நாம் அவரை மதிக்கிறோம். தவறு என்று எழுதிக் கொடுக்கும் துணிவு எத்தனை பேருக்கு உண்டு? ஆனால் அந்தக் கடிதம் ஒருவருடைய சேமிப்பையும் திருப்பித் தரவில்லை. சம்பளம் வாங்காதவர், தன் சொல்லைத் தானே உண்மையாக நம்பியவர் என்பதெல்லாம் சொன்னதை நடக்கச் செய்துவிடவில்லை. நல்லவர் சொன்னாலும் தப்புக் கணக்கு தப்புக் கணக்குத்தான்.

தன் சொல்லைத் தானே நம்பாதவர்களும் உண்டு. தென் கொரியாவில் லீ ஜாங் ரிம் என்ற பிரசங்கியார் 1992 அக்டோபர் 28 நள்ளிரவில் விசுவாசிகள் விண்ணுக்குப் போவார்கள் என்று அறிவித்தார். வீட்டை விற்றார்கள், வேலையை விட்டார்கள். அந்த நாள் வருவதற்கு முன்பே காவல்துறை அவரைக் கைது செய்து வரவு செலவைப் பார்த்தது. காணிக்கைப் பணத்தை அவர் போட்டு வைத்திருந்த கடன் பத்திரங்கள் 1993-இல் முதிர்வடைபவை! ஊருக்கெல்லாம் உலகம் முடிகிறது. அவருக்கு மட்டும் அடுத்த ஆண்டு வட்டி வருகிறது. மோசடிக் குற்றத்துக்காக அவர் சிறை சென்றார்.

இவ்விருவரும் தேதி சொன்னதால் மாட்டிக்கொண்டார்கள். நம்மிடையே வருகிறவர்கள் அந்தத் தவறைச் செய்வதில்லை. வெள்ளம் வரும், தலைவர் சாவார், இரண்டு நாடுகள் மோதும், ஒரு விமானம் விழும் என்பார்கள். இவை எந்த ஆண்டில் நடக்கவில்லை? மும்பையில் மழைக்காலத்தில் வெள்ளம் வரும் என்று சொல்லத் தீர்க்கதரிசி எதற்கு? கிங் சர்க்கிளில் பூக்கடை வைத்திருப்பவரே சொல்லிவிடுவார். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லி மீட்டர் மழை கொட்டியது, நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமசுக்கு மறுநாள், வேளாங்கண்ணிக்கு வந்திருந்த பக்தர்களையே கடல் கொண்டுபோனது. இந்த இரண்டு நாட்களையும் முன்கூட்டித் தேதியோடு அச்சிட்டு எச்சரித்த ஏடு ஒன்றையும் நாம் இதுவரை பார்த்ததில்லை. நடந்த பிறகு "நான் அப்போதே சொன்னேன்" என்றவர்களைத்தான் பார்த்திருக்கிறோம்.

2019 டிசம்பர் 31 இரவை நினைத்துப் பாருங்கள். புத்தாண்டு வாக்குத்தத்த அட்டைகள் வழக்கம்போல் வீடு வீடாக வந்தன. ராசிபலன் புத்தகங்களும் ரயில் நிலையக் கடைகளில் விற்றன. மூன்று மாதத்தில், மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு, நாடு முழுவதும் ஊரடங்கு என்று பிரதமர் அறிவித்தார். நமக்குக் கிடைத்த அவகாசம் நான்கு மணி நேரம். கூலி நின்றது, ரயில் நின்றது, நூற்றுக்கணக்கான மைல் தூரம் உழைப்பாளிகள் நடந்தார்கள். ஏப்ரல் 1 அன்று தாராவியில் முதல் தொற்று பதிவாயிற்று. இரண்டு மாத அரிசி வாங்கி வை, ஊருக்குப் போகிறவன் இப்போதே போ என்று ஒரு தீர்க்கதரிசியாவது பிப்ரவரியில் நம் தெருவில் வந்து சொல்லியிருந்தால், அவர் காலில் விழ நாமே முதலில் நின்றிருப்போம்.

இது ஒரு மதத்தின் குறை என்று யாரும் கொள்ள வேண்டாம். 1962 பிப்ரவரி தொடக்கத்தில் மகர ராசியில் எட்டுக் கிரகங்கள் கூடுகின்றன, உலகம் அழியும் என்று சோதிடர்கள் இந்தியாவையே கிடுகிடுக்க வைத்தார்கள். ஊருக்கு ஊர் யாகம் வளர்த்தார்கள். நெய் எரிந்தது, உலகம் எரியவில்லை. அதே மாதக் கடைசிக்குள் நாட்டில் மூன்றாவது பொதுத்தேர்தல் நடந்து முடிந்தது.

சோதித்துப் பார்க்கும் வழியையும் இந்த மராட்டிய மண்ணிலேயே காட்டியிருக்கிறார்கள். மறைந்த வானியல் அறிஞர் ஜெயந்த் நார்லிகரும் அவருடைய தோழர்களும் 200 பிள்ளைகளின் ஜாதகங்களைத் திரட்டினார்கள். 100 பேர் படிப்பில் கெட்டிக்காரர்கள். 100 பேர் மனவளர்ச்சி குன்றியவர்கள். யார் எந்த வகை என்பதை ஜாதகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று சோதிடர்களிடம் ஆளுக்கு 40 கொடுத்தார்கள். 27 பேர் விடை அனுப்பினார்கள். சராசரியாகச் சரியாக வந்தது நூற்றுக்கு 46. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் 50 வந்திருக்கும்! அந்தச் சோதனையில் பங்கெடுத்த நரேந்திர தபோல்கர் 2013 ஆகஸ்ட் 20 அன்று புணேயில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் பல்லாண்டு போராடிய மூடநம்பிக்கை ஒழிப்புச் சட்டம் அதே ஆண்டில் வந்தது. அற்புதம் காட்டுவதாகச் சொல்லிப் பணம் பறிப்பது இன்று மராட்டியத்தில் குற்றம். கணக்குக் கேட்டதற்கு ஒருவர் உயிரையே கொடுத்திருக்கிறார் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

வேதத்தை நம்பும் அன்பர்களுக்கு ஒரு சொல். நாம் கேட்கும் கணக்கை உங்கள் வேதமே கேட்கிறது. தீர்க்கதரிசி சொன்ன காரியம் நடக்கவில்லையென்றால் அது கர்த்தர் சொன்ன வார்த்தையன்று என்ற அளவுகோலை உபாகமம் 18-ஆம் அதிகாரம் தருகிறது. அந்த நாளையும் நாழிகையையும் ஒருவனும் அறியான் என்ற பொருளில் மத்தேயு 24-ஆம் அதிகாரம் பேசுகிறது. கேம்பிங் கடைசியில் ஒப்புக்கொண்டதும் அதைத்தான்.

அந்தத் தாய்க்கு நாம் அறிவுரை சொல்லவில்லை. ஒரு தாளில் நான்கு கேள்விகளை எழுதிக் கொடுத்தோம். மகன் எந்த நாட்டுக்குப் போவான்? எந்தத் தேதிக்குள்? போகாவிட்டால் பணம் திரும்புமா? இதைக் கையெழுத்திட்டுத் தருவீர்களா? அவர் கொண்டுபோய்க் கேட்டிருக்கிறார். கிடைத்த பதில்: "உனக்கு விசுவாசம் போதாது." மறுவாரம் வந்தபோது மகளின் கல்லூரிக் கட்டண ரசீதை நம்மிடம் நீட்டினார். "இதுல தேதி போட்டிருக்கு தம்பி" என்றார்.

இனி நமது நூலகத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். யார், எந்த நாளில், என்ன நடக்கும் என்று சொன்னார் என்பதை உறுப்பினர் எவரும் அதில் எழுதலாம். எந்த மதத்துப் பிரசங்கியார் சொன்னாலும், சோதிடர் சொன்னாலும், குறி சொல்பவர் சொன்னாலும் சரி. ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் வீடு தருவோம், பட்டா தருவோம் என்று சொல்லும் தேதிகளுக்கும் அதில் தனிப் பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். ஆண்டுதோறும் டிசம்பர் கடைசி ஞாயிறன்று அதைத் திறந்து எல்லோர் முன்னிலையிலும் படிப்போம். நடந்ததை நடந்தது என்றும், நடக்காததை நடக்கவில்லை என்றும் எழுதுவோம். வாருங்கள், எழுதுங்கள்.