விழாமல் காப்பதும் மருத்துவமே: முதியோர் நலன் குறித்த நிலைப்பாடு

"வயசானா விழத்தான் செய்வாங்க" என்று வீட்டார் சொல்கிறார்கள்; சில நேரம் மருத்துவர்களும் சொல்லிவிடுகிறார்கள். முதியோர் நலனுக்காக இயங்கும் இவ்வமைப்பு இதை ஏற்கவில்லை. முதியவர்கள் விழுவதைப் பெருமளவு தடுக்க முடியும். அது குடும்பத்தின் தலையில் மட்டும் கட்டிவிடும் வேலையல்ல. பொதுச் சுகாதாரத் துறையின் வேலை.

உலகில் ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் விழுந்து இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2021இல் கணக்கிட்டது. தமிழ்நாட்டில் அதே ஆண்டு மதிப்பீட்டின்படி 13.6 சதவீதம் பேர் அறுபதைத் தொட்டவர்கள் அல்லது கடந்தவர்கள். கேரளத்துக்கு அடுத்த இடம். இடுப்பெலும்பு முறிந்தவர்களில் பலர் பழைய நடைக்குத் திரும்புவதில்லை. முறிவில்லாமல் தப்பியவர்கூட பயத்தில் கோயிலுக்கும் கடைக்கும் போவதை நிறுத்திவிடுகிறார். நடை குறைய, கால் தசை வற்றுகிறது. மறுபடி விழ அதுவே வழி செய்கிறது.

வழி இருக்கிறது. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகம் வகுத்த, வீட்டிலேயே செய்யும் கால்வலுப் பயிற்சியும் சமநிலைப் பயிற்சியும் விழுவதை 35 சதவீதம் குறைத்தன. அந்நாட்டின் தாரனாக்கி வட்டாரத்தில் வீடுகளில் கைப்பிடி, வழுக்காத விரிப்பு போன்ற எளிய மாற்றங்களைச் செய்தபோது, வீட்டில் விழுந்து அடிபடுவது 26 சதவீதம் குறைந்தது.

நம் ஊர்க் குளியலறையைப் பாருங்கள். வழவழப்பான டைல்ஸ், காயாத ஈரம், மங்கலான விளக்கு. தடுமாறும்போது கைக்குக் கிடைப்பது துண்டு போடும் கம்பி. பாரம் தாங்காமல் அதுவும் சுவரோடு பெயர்ந்து வரும். கட்டும்போதே உறுதியான கைப்பிடியும் சொரசொரப்பான தரையும் வைக்க ஆகும் செலவு, ஓர் இடுப்பெலும்பு அறுவைச் சிகிச்சைக்கு முன் ஒன்றுமே இல்லை. அரசு கட்டித்தரும் குடியிருப்புகள் எல்லாவற்றிலும் இவை கட்டாயமாக வேண்டும்.

2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் ஏற்கெனவே வீட்டு வாசல்வரை வருகிறது. ரத்த அழுத்தம் பார்க்க வரும் பெண் தன்னார்வலர், "போன வருஷம் எங்கேயாவது விழுந்தீங்களா?" என்று கேட்கட்டும். உட்கார்ந்தபடி பார்த்த அழுத்தத்தை, எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் இன்னொரு முறை பார்க்கட்டும். மேல் அளவு 20 புள்ளி இறங்கினால், கிறுகிறுப்புக்கு முதுமையை நொந்துகொள்ளாமல் மாத்திரைச் சீட்டை மருத்துவர் மறுபடி பார்க்க வேண்டும். தூக்க மாத்திரையை முதலில். கண்புரை இருந்தால் அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. வீடு தேடிவரும் இயன்முறைச் சிகிச்சையாளர், படுத்துவிட்டவர்களோடு நின்றுவிடாமல், இன்னும் நடமாடிக்கொண்டிருப்பவர்களுக்கும் பயிற்சி சொல்லித்தர வேண்டும். அதற்குத் தனி நிதியும் கூடுதல் பணியிடங்களும் ஒதுக்குமாறு அரசை இவ்வமைப்பு வலியுறுத்துகிறது.