எடையா, காற்றா? முதலில் வேகத்தைச் சொல்லுங்கள்

ஸ்போர்ட்ஸ் கார் பைத்தியம் பிடித்த பிள்ளைகளில் இரண்டு கட்சி உண்டு. "எடையைக் குறைத்தால் போதும், பிக்கப் தானாக வரும்" என்பது ஒரு கட்சி. "பின்னால் ரெக்கை வைத்தால் போதும், காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்" என்பது இன்னொன்று. நான் இரண்டுக்கும் எதிரி. இரண்டு பேருமே கேட்க வேண்டிய முதல் கேள்வியைக் கேட்பதில்லை: எந்த வேகத்தில்?

பாலிடெக்னிக் ஆட்டோமொபைல் ஒர்க்‌ஷாப்பில் காலம் கழித்தவன் என்பதால், திருத்தணி சுற்றுவட்டாரத்துப் பொறியியல் மாணவர்கள் கடைசி வருட புராஜெக்ட் என்று இன்றும் என் வீட்டுத் திண்ணைக்கு வருகிறார்கள். ஒரு பையன் அம்மாவின் வளையலை அடகு வைத்த பணத்தில் பெரிய ரெக்கை ஒன்றை வாங்கி வந்திருந்தான். அவன் வண்டி ஓடப்போவதோ 75 மீட்டர் நேர்கோட்டுச் சோதனை. "ஏம்ப்பா, கணக்குப் போட்டுப் பார்த்தீங்களா?" என்றேன். "வீடியோவில் எல்லாரும் வைக்கிறாங்க சார்" என்றான். அவன் கல்லூரியில் யாரும் அவனிடம் கணக்கு கேட்கவில்லை. என் கோபம் அங்கேதான்.

கிட் கார் என்றால் பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் கார். 1957-ல் இங்கிலாந்தில் காலின் சாப்மன் கொண்டுவந்த லோட்டஸ் செவன்தான் இதில் பெரிய பெயர். முழு காராக வாங்கினால் வரி, பாகங்களாக வாங்கினால் வரி இல்லை என்ற சட்டத்தின் சந்தில் வளர்ந்த வண்டி. நம் நாட்டில் அலிபாக்கில் சிங்காரா என்ற கம்பெனி அதே பாணியில் ஃபைபர் பாடி ரோட்ஸ்டர் செய்தது. நம் கோயம்புத்தூர் கரிவரதன் மாருதி 800-ன் 796 சி.சி. இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களைக் கட்டினார். எல்லாமே எடை குறைந்தவை. ஆனால் திறந்த காக்பிட், வெளியே துருத்தும் சக்கரம் என்று காற்றுக்கு மார்பைக் காட்டி நிற்பவை.

"ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்" என்பார்கள். ஆடிக் கிருத்திகைக்கு நம் மலைப்படி ஏறும் மயில்காவடிகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரே அகலக் காவடிதான். பருத்த ஆள் காற்றில் அசையாமல் ஏறுவார், ஒல்லிப் பையன் தடுமாறுவான். காற்றின் தள்ளல் இருவருக்கும் ஒன்றே, எடைதான் வேறு. காருக்கும் இதே விதி.

ஒரு கணக்கு. ஓட்டுநரோடு 600 கிலோ எடை. சக்கரத்துக்கு வந்து சேரும் சக்தி 85 ஹெச்.பி. வடிவக் குணகத்தை முகப்புப் பரப்போடு பெருக்கினால் சுமார் 1 சதுர மீட்டர். டயர் உராய்வை விட்டுவிடுவோம். நம் ஊர் வெயில் காற்றில் 50 கி.மீ. வேகத்தில் காற்று பிடித்து இழுப்பது சுமார் 11 கிலோ. 100-ல் 45 கிலோ. 150-ல் 100 கிலோவுக்கு மேல். வேகம் இரட்டித்தால் இழுப்பு நான்கு மடங்கு, அதற்குச் செலவாகும் சக்தி எட்டு மடங்கு. 50-ல் 2 ஹெச்.பி. தின்ற காற்று, 100-ல் 16-க்கு மேல் தின்கிறது, 150-ல் 56 தின்கிறது. 85-ல் 56 போனால் பிக்கப்புக்கு மிச்சம் 29 தான்!

இப்போது இரண்டு கட்சிக்காரர்களையும் தராசில் ஏற்றுவோம். எடையில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தால் எந்த வேகத்திலும் பிக்கப் சுமார் 11 சதவீதம் கூடும். காற்றுத் தடையில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தால் 50 கி.மீ.யில் கிடைப்பது கால் சதவீதம், 150-ல் கிடைப்பது 19 சதவீதம். இந்த வண்டிக்கு 135, 140 வரை எடைதான் ராஜா. அதற்கு மேல் காற்றுதான் ராஜா.

அதனால் இடத்தைப் பாருங்கள். கரிவரதன் பெயரில் செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தளம் 2.1 கி.மீ. சுற்று, வளைவுகள் நிறைந்தது. அங்கே எடையைக் குறைப்பவன் புத்திசாலி. நாங்கள் இளவட்டத்தில் பார்த்த சோழவரமோ யுத்தகால விமான ஓடுபாதை, நேராக நீண்டு கிடந்தது. அங்கே எடை குறைந்த வண்டி சீறிக் கிளம்பும், பாதி வழியில் மூச்சு வாங்கும். பெரிய இன்ஜின் வண்டி நிதானமாகக் கடந்து போகும். இன்ஜினில் கோளாறு என்று கேலரியில் பேசிக்கொள்வார்கள். கோளாறு இன்ஜினில் இல்லை, காற்றில்.

எடைக் கட்சிக்காரர்கள் சாப்மனைத் தெய்வமாகக் கும்பிடுகிறார்கள். அதே சாப்மன் செவனுக்கு முன்பே, 1956-ல், லோட்டஸ் லெவன் காருக்கு டி ஹாவிலாண்ட் விமானக் கம்பெனியில் வேலை பார்த்த ஃபிராங்க் காஸ்டினை வைத்து மீன்போல வழுக்கும் பாடி செய்யவைத்தார். நீண்ட நேர்ப்பாதையில் வெறும் எடைக்குறைப்பு போதாது என்று சாமிக்கே தெரிந்திருந்தது. பக்தர்களுக்குத்தான் தெரியவில்லை.

ரெக்கைக் கட்சிக்கும் ஒரு வார்த்தை. பந்தயக் காரின் பெரிய ரெக்கை காற்றைக் கிழிப்பதற்கு அல்ல. வளைவில் வண்டியைத் தரையோடு அழுத்துவதற்கு. அந்த அழுத்தத்துக்குக் கூலியாக நேர்பாதையில் காற்றுத் தடையைக் கூட்டத்தான் செய்யும். 75 மீட்டர் ஓட்டத்துக்கு அது சுமை. திருப்பதி ரோட்டில் 80-ல் போகும் ஹேட்ச்பேக்குக்கு அது அலங்காரம்.

காற்றுத் தடையை அளக்க லட்ச ரூபாய் சுரங்கம் தேவையில்லை. மூடிய தளத்தில் வேகம் எடுத்து, நியூட்ரலில் போட்டு, வேகம் இறங்கும் நேரத்தைக் குறித்தாலே போதும். மேலே சொன்ன வண்டி 150-ல் காற்றினால் மட்டும் வினாடிக்கு 6 கி.மீ. வேகம் இழக்கும். 1200 கிலோ செடான் 2 கி.மீ.தான் இழக்கும். ஒரு ஸ்டாப்வாட்ச், ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு காலைப்பொழுது. இதைச் செய்யாத புராஜெக்டுக்கு மார்க் போடும் ஆசிரியர்களைத்தான் நான் குறை சொல்வேன், பிள்ளைகளை அல்ல.

உங்கள் வீட்டுப் பேரன் ரெக்கைக்கோ கார்பன் ஃபைபருக்கோ பணம் கேட்டால் திட்டாதீர்கள். "எந்த வேகத்துக்கு, கண்ணு?" என்று மட்டும் கேளுங்கள். பதில் கணக்கோடு வந்தால் பணத்தைக் கொடுங்கள்.