பென் டிரைவ்: ஜிபியைப் பார்த்து ஏமாறாதீர்கள்!

பென் டிரைவ் வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை ஜிபி?" என்பதைத்தான். என்னைக் கேட்டால் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி.

என் நண்பர் ஒருவர், மகளின் திருமணப் படங்களைச் சேமிக்க, மலிவாகக் கிடைக்கிறதே என்று 1 டிபி பென் டிரைவ் ஒன்றை வாங்கினார். விண்டோஸும் 1 டிபி என்றே காட்டியது. படங்களை அதில் காப்பி செய்துவிட்டு, இடம் வேண்டுமென்று கணினியில் இருந்தவற்றை அழித்தும் விட்டார். பிறகு பார்த்தால் முதல் சில போல்டர்கள் மட்டுமே திறந்தன. மற்றவற்றில் பைலின் பெயர் இருக்கிறது, படம் இல்லை.

இத்தகைய போலிகளில் உள்ள கன்ட்ரோலர் சிப், இல்லாத கொள்ளளவை இருப்பதாகக் கணினியிடம் சொல்லும்படி மாற்றப்பட்டிருக்கும். உண்மையான இடம் நிரம்பிய பின் எழுதப்படுபவை காணாமல் போகும், அல்லது பழையவற்றின் மேல் எழுதப்படும். எந்தப் பிழைச் செய்தியும் வராமல் போகலாம்.

எனவே 64 ஜிபி போதுமென்றால் 64 ஜிபியே வாங்குங்கள். பில்லும் வாரன்டியும் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும், எதையும் சேமிக்கும் முன், எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச புரோகிராமை இயக்குங்கள். அது டிரைவ் முழுக்க எழுதி, திரும்பப் படித்துச் சரிபார்க்கும். நேரம் பிடிக்கும், பொறுத்திருங்கள்.

4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே பைல் ஏற மறுத்தால் டிரைவ் போலி என்று பயப்பட வேண்டாம். அது ஃபேட்32 முறையின் வரம்பு. எக்ஸ்ஃபேட் முறையில் பார்மட் செய்தால் தீர்ந்துவிடும். பார்மட் செய்தால் உள்ளே இருப்பவை அழியும் என்பது நினைவிருக்கட்டும்.

எவ்வளவு நல்ல பென் டிரைவாக இருந்தாலும், அதில் இருப்பது நகலாகவே இருக்கட்டும்.