பசிக்குமா பற்றுச்சீட்டு?

சோறு தின்றதற்குச் சான்று கேட்டது ஒரு காலம்! அரசுப் பணிக்கென ஊர்விட்டு ஊர் சென்ற ஊழியன், உண்டதற்கான பணத்தைத் திரும்பப் பெற வேண்டுமெனில், ரசீதை ஒட்டி நீட்டவேண்டும். ஆறாவது ஊதியக் குழுவையொட்டி, 2008-இல் மத்திய அரசு வகுத்த முறை அது. கடைநிலை ஊழியனின் உணவுக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் வரை. உச்சியில் அமர்ந்தோருக்கோ 500 ரூபாய் வரை!

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! தள்ளுவண்டியில் நாலு இட்டிலி தின்றவனுக்கு எவர் தருவர் ரசீது? இரயிலடியில் பொட்டலச் சோறு வாங்கியவன் எவரிடம் சென்று கேட்பான் கையொப்பம்? குளிரூட்டிய கூடத்தில் உண்டவரிடம் அச்சடித்த சீட்டு இருந்தது, அவர் நம்பத்தக்கவர்! தெருவோரம் உண்டவனிடம் ஏப்பம் மட்டுமே இருந்தது; அவன் ஐயத்துக்குரியவன்! பொய்யைத் தடுக்கவே சீட்டு என்றனர். தடுத்ததா? வெற்றுச் சீட்டு வாங்கத் தெரிந்தவன் வென்றான். உண்மை உரைத்தவன் கைப்பொருள் இழந்தான்.

அந்த அவலம் அகன்றது 2017-இல். ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பின், அவ்வாண்டு ஜூலை 13-ஆம் நாள் நிதி அமைச்சகம் ஆணை பிறப்பித்தது: உணவுக்குத் தனிக் கணக்கு இல்லை, மொத்தத் தொகை உண்டு, சீட்டு வேண்டா! தலைமையிடத்தை நீங்கியிருந்த நேரமே கணக்கு. ஆறு மணிக்குக் குறைந்தால் நூற்றுக்கு 30. ஆறு முதல் பன்னிரண்டு மணி வரை 70. அதற்கு மேற்பட்டால் முழுத்தொகை.

வரவேற்கிறோம்! ஆனால், நம்பிக்கை வைக்கப்பட்ட இடத்தில் நாணயம் வேண்டும். பதினோரு மணியைப் பதின்மூன்றாக எழுதினால், 2017 விகிதத்தில் 350 ரூபாய் 500 ஆகியிருக்கும். அற்பத் தொகைக்கு நேர்மையை விற்பவன், மீண்டும் சீட்டுமுறைக்குக் கதவு திறப்பவன். ஆகவே, புறப்பட்ட பொழுதையும் திரும்பிய பொழுதையும் அன்றன்றே குறித்து வையுங்கள். பயணம் முடிந்த 60 நாட்களுக்குள் பட்டியலைத் தாருங்கள். ஓராண்டாக இருந்த தவணை, 2018 மார்ச்சில் சுருங்கிவிட்டது.

இனி, அரசை நோக்கி ஒரு கேள்வி. அதே 2017 ஆணை, ஐந்தாம் ஊதிய நிலை வரை உள்ளோர்க்கு 500 ரூபாய் தந்தது. பதினான்காம் நிலையிலும் அதற்கு மேலும் உள்ளோர்க்கு 1,200 தந்தது. ஐந்து மடங்காய் இருந்த வேற்றுமை, இரண்டரை மடங்குக்கும் கீழே இறங்கியது, மெய்தான், மறுக்கவில்லை. எனினும், காரில் பின்னிருக்கையில் அமர்ந்த அதிகாரிக்கும், இரவெல்லாம் கண் விழித்து அக்காரை ஓட்டிய ஊழியனுக்கும் ஊர் ஒன்று, உணவுக்கடை ஒன்று, விலையும் ஒன்று. பசி மட்டும் இரண்டா?

பதவிக்கேற்ப ஊதியம் இருக்கட்டும். பொறுப்புக்கேற்ப அறையும் இருக்கட்டும். வயிற்றுக்கு ஏது படிநிலை? சீட்டை ஒழித்தீர்கள், நன்று! சோற்றில் கிழித்த கோட்டையும் அழித்திடுங்கள்!