குப்பை என்று யார் சொன்னது?

பங்குதோறும் நூலகம் வேண்டும் என்பதில் நம்மவருக்குள் கருத்து வேறுபாடு இல்லை. அதில் என்னென்ன நூல்கள் இருக்கலாம் என்ற கேள்வி எழும்போதுதான் முகங்கள் மாறுகின்றன. புனிதர் வரலாறு இருக்கலாம். நவநாள் மன்றாட்டு இருக்கலாம். போட்டித் தேர்வுக் கையேடுகள் தாராளமாக இருக்கலாம். துப்பறியும் கதையா? பேய்க்கதையா? படக்கதையா? "அந்தக் குப்பையெல்லாம் கோயில் வளாகத்துக்குள் எதற்குச் சாமி?" என்கிறார்கள். உறுவையாறு தொடங்கிப் பாகூர் வரை நம் சிற்றூர்களில் இந்தக் குரல் ஓய்ந்தபாடில்லை. நகரத்து இலக்கிய அன்பர்களும் இதே சொல்லைத்தான் ஆள்கிறார்கள். பக்தர் ஒழுக்கத்தின் பெயரால் குப்பை என்கிறார். இலக்கியவாதி தரத்தின் பெயரால் குப்பை என்கிறார். அந்த நூலைப் பிரித்துப் பார்க்காமலே தீர்ப்பு வழங்குவதில் மட்டும் இருவரும் ஒத்துப்போகிறார்கள்.

இந்தத் தீர்ப்பை நாம் ஏற்பதற்கில்லை.

2008-ஆம் ஆண்டில் சென்னையில் பிளாஃப்ட் என்ற சிறு பதிப்பகம் ஒன்று தோன்றிற்று. அதைத் தொடங்கிய மூவருள் ஒருவரான ராகேஷ் கன்னா அமெரிக்காவில் வளர்ந்தவர். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர் அல்லர். தேநீர்க் கடைகளில் தொங்கிய மலிவு நாவல்களின் அட்டைப்படங்கள் அவர் கண்ணை ஈர்த்தன. கத்தியும் குருதியும் கவர்ச்சியும் கலந்த அந்த அட்டைகளுக்குப் பின்னே என்னதான் இருக்கிறது என்று அறிய அவர் ஆவல் கொண்டார். பிரீதம் கே. சக்கரவர்த்தி கதைகளைத் தேர்ந்து மொழிபெயர்த்தார். தமிழ்வாணன், ராஜேஷ்குமார், சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர், ரமணிசந்திரன், இந்திரா சௌந்தர்ராஜன் உள்ளிட்ட பத்து எழுத்தாளர்களின் பதினேழு கதைகள் ஆங்கிலத்தில் ஒரே நூலாக வெளிவந்தன. நம் பேருந்து நிலையக் கடையில் தூசி படிந்து கிடந்தவை, அட்டை மாறி, மொழி மாறி, நாட்டின் பெரிய நகரங்களின் புத்தகக் கடைகளில் மதிப்போடு அமர்ந்தன. அதன்பின் நம் படித்த பெருமக்களும் இவற்றைப் பற்றிப் பேசத் தலைப்பட்டார்கள். வேற்று மொழியார் ஒருவர் கைகாட்டிய பிறகுதானா நம் வீட்டுத் திண்ணையில் கிடந்தது நம் கண்ணில் பட வேண்டும்?

ராஜேஷ்குமாரின் முதல் நாவல் 1980-இல் 'மாலைமதி'யில் வந்தது. அதன்பின் அவர் எழுதியவை ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டும். இவை யாவும் இலக்கியம் என்று நாம் வாதாட வரவில்லை. ஆனால் வாடகை நூல் நிலையங்கள் தெருவுக்குத் தெரு இருந்த நாளில், அரிசி மூட்டை சுமந்தவரும், தையல் பொறியில் அமர்ந்திருந்த பெண்களும் தமிழை எழுத்துக்கூட்டும் நிலையிலிருந்து சரளமாகப் படிக்கும் நிலைக்கு ஏறியது எந்த ஏணியால்? காப்பியத்தாலா? அந்த ஏணியை உதைத்துத் தள்ளிவிட்டு, "இளைஞர் படிப்பதில்லை" என்று மறையுரையில் புலம்புவதில் நேர்மை இல்லை.

'இது நம் மரபுக்கு ஒவ்வாதது' என்று கூறுவோர் தம் மரபை மறந்தவர்கள். 'தேம்பாவணி'யையும் 'சதுரகராதி'யையும் தந்த வீரமாமுனிவர் 'பரமார்த்த குரு கதை'யையும் எழுதினார். ஒரு முட்டாள் குரு, அவருக்கு ஐந்து அடிமுட்டாள் சீடர்கள். ஆறு விழித்திருக்கிறதா தூங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையை வைத்துச் சோதித்துப் பார்க்கும் கூட்டம். (நம் சங்கராபரணி ஆண்டின் பெரும்பகுதியும் தூங்கியே கிடப்பதால் அந்தச் சோதனை இங்கே தேவைப்படாது.) குருத்துவப் பணியிலிருந்த ஒருவர் ஒரு குருவையே நகைப்புக்கு உள்ளாக்கி எழுதிய கதை அது. அவர் மறைந்து எழுபது ஆண்டுகளுக்கு மேல் கடந்த பிறகு, 1822-இல், இலண்டனில் பாபிங்டன் என்பவர் அதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சேற்றினார். அன்றும் வெளியார் ஒருவர்தான் கைகாட்ட வேண்டியிருந்தது போலும்!

1879-இல் தமிழின் முதல் நாவலாகிய 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளை யார்? நம்மைப் போன்ற ஒரு கத்தோலிக்கப் பொதுநிலையினர். அந்நூலின் நாயகி ஞானாம்பாள் ஆண் வேடம் பூண்டு ஒரு நாட்டையே ஆள்கிறாள். இதே நிகழ்ச்சியை இன்று பளபளக்கும் அட்டை போட்டு விற்றால் நம் பங்குப் பேரவை அதை அலமாரிக்குள் அனுமதிக்குமா என்பது ஐயமே.

இன்னும் பின்னோக்கிச் செல்வோம். தானியேல் நூலின் பதின்மூன்றாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். சூசன்னாவின் மீது பழி சுமத்திய முதியவர் இருவரையும் இளைஞன் தானியேல் தனித்தனியே பிரித்து நிறுத்தி, எந்த மரத்தடியில் கண்டீர்கள் என்று கேட்கிறான். இருவரும் வெவ்வேறு மரங்களைச் சொல்லிச் சிக்குகிறார்கள். அடுத்த அதிகாரத்தில், கோயில் தரையில் சாம்பலைத் தூவி, இரவில் வந்து படையலைத் தின்ற குருக்களின் அடிச்சுவடுகளைக் காட்டுகிறான். 1928-இல் டாரதி சேயர்ஸ் துப்பறியும் கதைகளின் பெருந்தொகுப்பு ஒன்றை வெளியிட்டபோது இவ்விரண்டையும் அதில் சேர்த்தார். நம் விவிலியத்தில் இருப்பதே துப்பறியும் கதை என்றால், குப்பை என்ற சொல்லை எங்கே வைப்பது?

ஆங்கில எழுத்தாளர் செஸ்டர்டன் 1910-இல் படைத்த பிரவுன் அடிகளார் குட்டையான, குடை மறந்து திரிகிற, எவரும் பொருட்படுத்தாத பங்குக் குரு. குருவின் உடையில் வந்த திருடன் பகுத்தறிவைப் பழித்துப் பேசுகிறான். நல்ல இறையியல் அறிந்தவன் அப்படிப் பேசமாட்டான் என்பதால் அடிகளார் அவனை இனங்கண்டுகொள்கிறார். மூன்றாண்டு இறையியல் வகுப்பில் நமக்குச் சொல்லப்பட்டதை ஒரு சிறுகதை எவ்வளவு எளிதாக மனத்தில் பதித்துவிடுகிறது! அருள்பணியாளர் ரொனால்டு நாக்ஸ், பிற்காலத்தில் விவிலியம் முழுவதையும் தனியொருவராக ஆங்கிலத்தில் பெயர்த்தவர், 1929-இல் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகளை வகுத்தார். துப்பறிபவன் கண்ட தடயத்தை வாசகருக்கு மறைக்கக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. மர்மத்தை அவிழ்க்க ஆவிகளையும் மாயத்தையும் துணைக்கு அழைக்கக் கூடாது என்பது மற்றொன்று. ஒரு குரு வகுத்த விதி இது என்பதைக் குறித்துக்கொள்ளவும்.

மறுப்புகளை நாம் அறியாதவர் அல்லோம். இந்த மலிவு நாவல்களில் பெண்ணைப் பண்டமாக்கும் வருணனை உண்டு. செய்வினையையும் பில்லிசூனியத்தையும் மெய்யென்று விற்கும் கதைகள் உண்டு. அட்டைப்படங்களில் பல, வீட்டு மேசையில் வைக்கத் தகாதவை. இவற்றை நாம் மறைக்கவில்லை. கோதுமையோடு களையும் வளர்கிறது என்பதற்காக வயலையே கொளுத்தச் சொல்லவில்லை நம் ஆண்டவர். 1559 முதல் 1966 வரை திருச்சபை, தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலை வைத்திருந்தது. பிறகு அதன் சட்ட வலிமையைத் தானே நீக்கி, தேர்ந்து தெளியும் பொறுப்பை நம்பிக்கையாளரின் மனச்சான்றிடம் ஒப்படைத்தது. திருச்சபை விட்டுவிட்ட பட்டியலை நம் பங்குப் பெரியவர்கள் பையில் வைத்துக்கொண்டு திரிவானேன்? மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2024-இல் இலக்கியத்தைக் குறித்து எழுதிய மடலில், தாம் இளமையில் பள்ளி ஆசிரியராக இருந்தபோது மாணவர் பழங்காப்பியத்தை விரும்பாமல் லோர்காவைக் கேட்டதை நினைவுகூர்ந்தார். அவர் அவர்களைக் கண்டிக்கவில்லை. விரும்பியதைப் படிக்க விட்டார். அந்த மடல் குருமாணவருக்கு மட்டும் எழுதப்பட்டதன்று. நம் அனைவருக்கும் உரியது.

கி. ராஜநாராயணன் 1989-இல் புதுவைப் பல்கலைக்கழகத்துக்கு நாட்டுப்புறவியல் பேராசிரியராக வந்தார். 2021 மே திங்களில் மறையும்வரை புதுவைவாசியாகவே வாழ்ந்தார். பாட்டிமார் பேரப்பிள்ளைகளை உறங்கவைத்துவிட்டுத் தங்களுக்குள் சொல்லிச் சிரித்த பாலியல் கதைகளையும் அவர் கூச்சமின்றித் திரட்டினார். அந்தக் கதைகளையும் ஆங்கிலத்தில் கொண்டுவந்தது அதே பிளாஃப்ட்தான், 2009-இல். நம் பக்கத்து ஊரில் முப்பது ஆண்டுக்கு மேல் வாழ்ந்த அவருடைய கதைத் தொகுப்புகள் நம் பங்கு நூலகங்களில் எத்தனையில் உள்ளன?

பெரிய பதிப்பகங்கள் விற்பதை அச்சிடுகின்றன, அதில் தவறில்லை. சிறியவர்களோ தமக்குப் பிடித்ததை அச்சிட்டுவிட்டு வாசகரைத் தேடுகிறார்கள். சிவகாசியில் 1972-இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய முத்து காமிக்ஸும், 1984-இல் பிறந்த லயன் காமிக்ஸும் சந்தாதாரர்களின் அன்பினால் இன்றும் நிற்கின்றன. சிறு பதிப்பகங்களுக்கு விளம்பரப் பலகை இல்லை. அவற்றைக் கண்டடைய நாம்தான் சற்று நடக்க வேண்டும். சனவரியில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியில் பெரிய அரங்குகளைக் கடந்து ஒற்றைக் கடைகளுக்குச் செல்லுங்கள். பிடித்த நூலின் மொழிபெயர்ப்பாளர் பெயரைக் குறித்துக்கொண்டு அவர் வேறென்ன செய்திருக்கிறார் என்று பாருங்கள். பழைய புத்தகக் கடையில் அட்டையைக் கண்டு ஒதுங்காமல் முதல் பத்துப் பக்கத்தைப் படியுங்கள். பத்துப் பக்கத்துக்குமேல் இழுக்காத நூலை வைத்துவிடவும் உங்களுக்கு உரிமை உண்டு.

மறைக்கல்வி ஆண்டு விழாவில் நாம் பரிசாகக் கொடுப்பது என்ன? எவர்சில்வர் டம்ளர், பிளாஸ்டிக் டப்பா, சில ஆண்டுகளில் டிபன் பாக்ஸ். வீட்டில் ஏற்கெனவே பத்து இருக்கும். இந்த ஆண்டு அந்தப் பணத்தில் பாதியை எடுத்துப் படக்கதையும் துப்பறியும் கதையும் நாட்டுப்புறக் கதையும் வாங்குவோம். வாங்குமுன் பங்குப் பேரவையினர் அவற்றை முழுதாகப் படிக்கட்டும். படித்தபின் எது வேண்டாம் என்கிறார்களோ அதை விலக்குவதற்கு நமக்குத் தடையில்லை. நூலக அலமாரியின் சாவியைச் சாக்ரீஸ்தியில் மாட்டிவைக்காமல், பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை ஒருவரிடம் கொடுத்துவிடுவோம்.